என்.எச்.எஸ். மார்பகப் பரிசோதனைச் சேவை: கொரோனாவுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 1988 முதல் நடத்திவரும் இலவசச் சேவை இது. 50 வயதிலிருந்து 71 நிறையும்வரை பெண்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைப்புக் கடிதம் வரும். ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்த்து ஒன்று என மொத்தம் நான்கு எக்ஸ்ரே படம் (மேமோகிராம்) எடுக்கிறார்கள். அவற்றை இருவர் தனித்தனியே பார்க்கிறார்கள். மேமோகிராமின் தரத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. பெண்களை வரவழைக்கும் முறையில்தான் பெரிய குறை, அதைக் கொரோனா காலம் அப்பட்டமாகக் காட்டிவிட்டது.

2020 மார்ச்சில் சேவை ஏறக்குறைய நின்றுபோனது. கோடையில் மெல்லத் திறந்தபோது, ஒவ்வொருவருக்குப் பின்னும் இயந்திரத்தைத் துடைக்க வேண்டும், காத்திருப்போரைத் தள்ளித் தள்ளி உட்காரவைக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் பரிசோதனை வேனில் அதற்கு இடம் ஏது? 2019–20இல் 21.2 லட்சம் பேருக்குப் பரிசோதனை நடந்தது. அடுத்த ஆண்டு 11.9 லட்சம்தான்.

இருக்கும் கொஞ்ச நேரமும் வராதவர்களால் வீணாகக் கூடாதென்று கடிதத்தை மாற்றினார்கள். முன்பு நாளும் நேரமும் இடமும் அச்சாகியே வரும். புதுக் கடிதத்தில் ‘நீங்களே அழைத்து முன்பதிவு செய்யுங்கள்’ என்று மட்டும் இருந்தது. நிலையத்துக்கு இது லாபம், தயங்குகிற பெண்ணுக்கு நஷ்டம். வந்தவர்களின் விகிதம் 69இலிருந்து 62 சதவீதமாக இறங்கியது. தொற்றுப் பயமும் ஒரு காரணம்தான். ஆனால் 2017இலேயே ஓர் ஆய்வு எச்சரித்திருந்தது: முதல் அழைப்பைத் தவறவிட்டவர்களுக்கு நேரம் குறித்து மறுகடிதம் அனுப்பியபோது 22 சதவீதம் பேர் வந்தார்கள், ‘நீங்களே அழையுங்கள்’ என்றபோது 12தான். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தொலைபேசியில் ஆங்கிலம் பேசத் தயங்கும் நம் அம்மாக்களுக்கு அந்த ஓர் அழைப்பே பெரிய தடை. மகளோ மருமகளோ பக்கத்தில் இருந்து பேசிக்கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அழைப்பு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) வாரியாகப் போகிறது. வீடு மாறியவர்கள் புது முகவரியை ஜி.பி.யிடம் பதியாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்கே போகும். 53 வயதாகியும் முதல் கடிதம் வரவில்லையென்றால் உள்ளூர்ப் பரிசோதனை நிலையத்தை அழைத்துக் கேளுங்கள். தவறவிட்ட அழைப்புக்கும் அங்கேயே நேரம் வாங்கலாம்.

போகும் நாளில் பவுடர், டியோடரண்ட் வேண்டாம். படத்தில் புள்ளியாகத் தெரிந்து குழப்பும். மேலாடை தனியாக இருக்கும் உடை வசதி. படம் எடுக்க மார்பகத்தைத் தட்டு அழுத்துவது சில நொடிதான். நூறு பேரில் நாலு பேரை மறுபடி கூப்பிடுவார்கள், அந்த நாலில் ஏறத்தாழ ஒருவருக்கே புற்று. கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு தெரிந்தால் மட்டும் இந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கவே கூடாது. அது நேரே ஜி.பி.யிடம் போக வேண்டிய விஷயம். 71 தாண்டியவர்களுக்குக் கடிதம் வராது, ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை தாங்களே அழைத்துக் கேட்டால் பரிசோதனை உண்டு.