குறட்டைத் தலையணைக்கு 3,499 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்கள் உஷாராக இருங்கள்

3,499 ரூபாய். குறட்டையை நிறுத்தும் தலையணை என்று சொல்லி வாங்கிக்கொண்டு ஒரு மூட்டை ஸ்பாஞ்சுக் கழிவை அனுப்பியிருக்கிறார்கள். பணம் திரும்ப வராது என்று இன்று மத்தியானம்தான் கடைசி மெசேஜ் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த மாதிரி எதையாவது வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. ரீல்ஸ் பார்க்கும்போது நடுவில் வரும் விளம்பரம், தொட்டால் திறக்கும் ஒற்றைப் பக்கக் கடை, அதற்கப்புறம் எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில். அந்த வகை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள்.

விளம்பரத்தில் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பக்கம் பின்னால் சரிந்து தொண்டை குறுகும், அந்தச் சந்தில் மூச்சு போகும்போது உள்நாக்கும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய சதையும் அதிர்வதுதான் குறட்டை. ஒருக்களித்துப் படுத்தால் நிறைய பேருக்குக் குறையும். இதை எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். இந்த உண்மையைச் சொல்லிவிட்டு, பக்கங்கள் மேடாகவும் நடுவில் பள்ளமாகவும் இருக்கும் ஒரு தலையணையைக் காட்டி, இது தானாகவே உங்களை ஒருக்களிக்க வைக்கும், உள்ளே அசல் மெமரி ஃபோம் என்றார்கள்.

விளம்பரத்தைப் பார்த்து மட்டும் நான் பணம் போடவில்லை. போன் பண்ணினேன். எடுத்தது ஒரு பெண், பேச்சைக் கேட்டால் மதுரைப் பக்கம். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அக்கா, மாமா மல்லாந்து படுப்பாங்களா, ஒருக்களிச்சா? தோள் அகலமா? கழுத்து வலி இருக்கா? பிரஷர் மாத்திரை ஏதும் போடுறாங்களா?” வார்டில் நர்ஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்டாள். நான் வாங்க நினைத்தது மீடியம் சைஸ். “மாமா தோளுக்கு அது பத்தாதுக்கா. வியாபாரத்துக்காகச் சொல்லல, நாளைக்கு நீங்க என்னைத் திட்டக் கூடாதுல்ல” என்றாள். லார்ஜ் 3,499 ரூபாய். அதோடு விட்டாளா, “30 நாள் படுத்துப் பாக்கச் சொல்லுங்க, பிடிக்கலன்னா முழுப் பணமும் திருப்பிடுவோம்” என்றாள். என் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிட்டு, அவர் தோளின் அகலம் வரை விசாரித்தவள், ஏமாற்றுவாள் என்று யாருக்குத் தோன்றும்? போனை வைத்த கையோடு யுபிஐயில் 3,499 ரூபாயை அனுப்பினேன். டெலிவரியின்போது பணம் கொடுக்கும் வசதி லார்ஜுக்குக் கிடையாதாம்.

வந்தது காற்றை உறிஞ்சிப் பாய் மாதிரி சுருட்டிய பிளாஸ்டிக் உறையில். பிரித்ததும் ரப்பர் நாற்றம், மொட்டைமாடியில் காயப்போட்டும் போகவில்லை. மெமரி ஃபோம் என்றால் கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் கொஞ்ச நேரம் நின்று மெதுவாகத்தான் மேலே வரும். இது கையை எடுத்ததும் துள்ளிக்கொண்டு எழுந்தது. உயரமோ, படுத்தவரின் மோவாய் நெஞ்சில் இடிக்கும் அளவுக்கு. குறட்டை குறைவது இருக்கட்டும், முன்னைவிட சத்தம் கூடியது. காலையில் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மெசேஜ் போட்டேன். “கழுத்து பழகணும்கா, 21 நாள் விடாம படுக்கச் சொல்லுங்க” என்று பதில். சரி என்று அந்த மனுஷனும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். 21 நாள் முடிந்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், ரிட்டர்ன் 7 நாளுக்குள் மட்டும்தானாம்! இங்கேதான் வித்தையே இருக்கிறது. பழக வேண்டும், பழக வேண்டும் என்று இழுப்பதே அந்த 7 நாளைக் கடத்தத்தான். அப்படியானால் 30 நாள் என்று சொன்னது? அது போனில் சொன்னது, எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அடுத்த பதில், உறை பிரித்த படுக்கைப் பொருளைச் சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுப்பதில்லை. உறையைப் பிரிக்காமல் தலையணையில் எப்படிப் படுப்பது என்று கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் பெரிய மனது பண்ணி, அடுத்த முறை வாங்கினால் 500 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். அந்தப் பெண்ணின் நம்பரை இப்போது வேறு யாரோ எடுக்கிறார். அக்கா, மாமா எல்லாம் போய் “டியர் கஸ்டமர்” ஆகிவிட்டேன்.

ஆத்திரத்தில் ஜிப்பைத் திறந்து உள்துணியைக் கத்தரித்துப் பார்த்தேன். நீலம், ரோஸ், மஞ்சள் என்று விதவிதமான ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் பசை போட்டு அமுக்கி வெட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டில் யாருடைய சோபாவிலோ இருந்த துணி கூட ஒட்டியிருந்தது. தெருமுனை மெத்தைக் கடைக்காரர் பார்த்துச் சிரித்தார். “இதுக்கா 3,499 கொடுத்தீங்க? வெட்டி மிஞ்சின கழிவும்மா இது.”

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். தலையணை அளவுக்கு மீறி உயர்ந்தால் கழுத்து முன்னால் மடங்கி மூச்சுப் பாதை இன்னும் குறுகும் என்றார். அதைவிட முக்கியமாக என்னிடம் ஒன்று கேட்டார்: குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி வருகிறதா? வருகிறது. அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம், ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனை, செய்துதான் சொல்ல முடியும், அது உறுதியானால் தலையணையை நம்பி உட்காரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடைக்காரி இவ்வளவு கேட்டாளே, இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வியாபாரம் போயிருக்கும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ரிட்டர்ன் எத்தனை நாள் என்பதைப் பணம் போடும் முன் எழுத்தில் வாங்குங்கள், போன் பேச்சை நம்பாதீர்கள். பழக வேண்டும் என்று சொன்னால் காத்திருக்காமல் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். விற்கிற இணையப் பக்கத்தில் நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, குறைதீர் அதிகாரியின் விவரம் இருக்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். நான் வாங்கிய பக்கத்தில் ஒரு போன் நம்பரைத் தவிர ஒன்றும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். அதே விளம்பரம் இன்றைக்கும் ஓடுகிறது, விலை 2,999 ஆகியிருக்கிறது. யாரும் வாங்காதீர்கள்.