கலப்பு வகைக் கல்லீரல் புற்று: பிளாக் ரிவியூ காசுக்குத் தகுமா?

கல்லீரல் செல் புற்றும் பித்தநாளப் புற்றும் ஒரே கட்டிக்குள் கலந்து கிடக்கும் வகை அபூர்வம். கல்லீரலில் தோன்றும் புற்றுகளில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம்தான். கல்லீரல் பயாப்சி எப்போதாவது மட்டும் வரும் லேபில் இது கண்ணுக்குத் தப்புவது சகஜம். அதற்காகத்தான் பிளாக் ரிவியூ: மெழுகில் பதித்த திசுவை முதல் லேபிலிருந்து வாங்கி, கல்லீரல் திசுவையே வேலையாகப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுப்பது. இந்த நோய்க்குச் செய்யும் செலவுகளில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஆனால் எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தே பலன்.

சாயமேற்றிய பழைய ஸ்லைடு மட்டும் போனால் பாதி வேலைதான் நடக்கும். பிளாக்கையே கேளுங்கள். தராவிட்டால், 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, சார்ஜ்டு ஸ்லைடில் (திசு கழன்று போகாமல் பிடித்துக்கொள்ளும் கண்ணாடி) ஒட்டிய, சாயமேற்றாத செக்‌ஷன்கள் 10–15 வேண்டும். கூடவே ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி (கல்லீரல் செல் புற்றில் ஏறுவது), சிஏ 19-9 (பித்தநாளப் புற்றில் ஏறுவது) அளவுகள், சிடி அல்லது எம்ஆர்ஐ படங்கள். வெறும் ஸ்கேன் ரிப்போர்ட் போதாது. பயாப்சிக்கான 18 கேஜ் ஊசியில் வருவது நூல் போன்ற திசு; கட்டியோ 6 செ.மீ. இருக்கலாம். ஊசி பட்ட இடத்தில் ஒரு வகைதான் இருந்தால் ரிப்போர்ட்டும் அதையே சொல்லும். விளிம்பு மட்டும் பளிச்சிடும் பித்தநாளப் புற்றுச் சாயல் ஸ்கேனில் தெரிந்து, ரத்தத்தில் ஏஎஃப்பி எகிறியிருந்தால் அந்த ரிப்போர்ட்டை அப்படியே நம்பக்கூடாது. (மஞ்சள் காமாலை இருந்தாலே சிஏ 19-9 ஏறும்; அதையும் எழுதி அனுப்புங்கள்.)

நல்ல ரிவியூவை எப்படி அடையாளம் காண்பது? செல் எந்த வகை என்று காட்டும் மார்க்கர் சாயங்களில் ஆர்ஜினேஸ்-1, ஹெப்பார்-1 கல்லீரல் பக்கம், சிகே7, சிகே19 பித்தநாளப் பக்கம் என்று பட்டியல் போடுவது பெரிதல்ல. எந்த மார்க்கர் கட்டியின் எந்தப் பகுதியில் பிடித்தது என்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டின்படி, எல்லாத் திசுவுக்கும் வழக்கமாக ஏற்றும் ஹெச் அண்ட் ஈ சாயத்திலேயே இரண்டு உருவமும் தெரிய வேண்டும், மார்க்கர்கள் துணைக்குத்தான். சிகே19 பாசிட்டிவ் என்ற ஒன்றை வைத்தே ‘கலப்பு’ என்று எழுதியிருந்தால் அது பிழை. கல்லீரல் செல் புற்றிலும் சிகே19 பிடிப்பதுண்டு.

பதினைந்து மார்க்கர் போட்டுப் பக்கம் நிரப்பும் ரிப்போர்ட்டைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு செக்‌ஷன் செலவு. இலக்கு மருந்து பொருந்துமா என்று பார்க்கும் ஐடிஹெச்1, எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுச் சோதனைக்குப் போகும்போது திசு தீர்ந்திருக்கும். “மரபணுச் சோதனைக்குத் திசு மிச்சம் வையுங்கள்” என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

சிகிச்சையில் இந்தச் சேவையின் பயன் நேரடியானது. கலப்பு என்று முன்கூட்டியே தெரிந்தால், கட்டியை வெட்டும்போதே கல்லீரல் வாசலில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுக்கத் திட்டமிடலாம். நார்த்திசு மிகுந்த கட்டிக்கு ரத்தக்குழாய் வழி மருந்தேற்றி அடைக்கும் டேஸ் அவ்வளவாக எடுபடாது என்பதும் முன்பே தெரியும். மருந்தில் மட்டும் தெளிவு கிடைக்காது. ஜெம்சிடபின்–சிஸ்பிளாட்டின் கீமோ பித்தநாளப் புற்றிலிருந்து கடன் வாங்கியது. அடிசோலிசுமாப்–பெவாசிசுமாப் என்ற மருந்து ஜோடி கல்லீரல் செல் புற்றுக்கானது. அதை நிறுவிய ஐஎம்பிரேவ்150 ஆய்வில் கலப்பு வகை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை.

மெல்லிய ஊசியால் உறிஞ்சிய எஃப்என்ஏசி ஸ்மியர் மட்டும் கையில் இருந்தால் ரிவியூவுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் கோர் பயாப்சி (தடித்த ஊசியால் திசுவைத் துண்டாகவே எடுப்பது). அறுவையில் எடுத்த கட்டியாக இருந்தால் ஒரு பிளாக்கோடு நிறுத்தாமல், கட்டியிலிருந்து எடுத்த எல்லா பிளாக்கையும் அனுப்புங்கள்.