கிருஷி அரண்யத் திட்டம்: 120 கன்று, மூன்று வருடம், 81 மரம்

என் மாமனார் விட்டுச் சென்ற நிலம் ஒரு ஏக்கர் இருபது குண்டே, அதாவது ஒன்றரை ஏக்கர். பெங்களூரு அல்சூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசியில் கொஞ்ச தூரம் நடந்தால் வரும். செம்மண், மானாவாரி, போர்வெல் கிடையாது. அவர் இருந்தவரை ராகி விதைத்தார். அவருக்குப் பிறகு என் கணவர் அதைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டார். 2020இல் கணவரும் போய்விட்டார். விற்றுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எனக்கு மனம் வரவில்லை. நான் தினமும் போய்ப் பயிர் பார்க்க முடியாது, ஆனால் மரம் வைக்கலாமே என்று தோன்றியது.

அப்போது பக்கத்து நிலத்து அண்ணன்தான் கர்நாடக வனத்துறையின் 'கிருஷி அரண்ய புரோத்சாஹ யோஜனே' பற்றிச் சொன்னார், சொந்த நிலத்தில் மரம் வளர்ப்பவர்களுக்கு ஊக்கத்தொகை தரும் திட்டம். 2022 ஜூனில் கன்று நட்டேன். 2025இல் மூன்றாவது எண்ணிக்கையும் முடிந்து பணமும் வந்துவிட்டது. ஒரு சுற்று முழுதாக முடிந்திருப்பதால் இப்போது எழுதுகிறேன். பெங்களூரில் என்னைப் போல் கன்னடம் சரளமாகப் பேசி, வாசிக்கும்போது மட்டும் தடுமாறுகிற தமிழர்கள் நிறையப் பேர். அவர்களில் மாமனார் நிலம், பாட்டன் நிலம் என்று எதையாவது சும்மா போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

திட்டம் 2011-12இலிருந்து நடக்கிறது. வனத்துறை நர்சரியில் மானிய விலையில் கன்று தருகிறார்கள். நம் நிலத்தில் நட வேண்டும். முதல் வருட முடிவில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் 35 ரூபாய், இரண்டாம் வருடம் 40, மூன்றாம் வருடம் 50. ஒரு கன்று மூன்று வருடமும் தாக்குப்பிடித்தால் 125 ரூபாய். ஹெக்டேருக்கு 400 கன்று வரை கணக்கில் எடுப்பார்கள். என் அளவுக்கு ஏறத்தாழ 240 வாங்கியிருக்கலாம். நடுவில் ராகியும் அவரையும் வர வேண்டும் என்பதால் 120 போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

நட்டவுடன் பணத்தைக் கொடுத்துவிடாமல், பிழைத்த கன்றை எண்ணிக் கொடுக்கிறார்களே, இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். மாமனார் காலத்தில் எங்கோ இலவசமாகக் கொடுத்த கன்றுகள் பையைக்கூடப் பிரிக்காமல் வரப்பில் காய்ந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதில் அப்படி விட முடியாது. அடுத்த வருடம் ஒருவர் வந்து எண்ணப் போகிறார் என்ற நினைப்பே என்னை மாதம் இரண்டு முறை பஸ் ஏற வைத்தது.

இனி காகிதம். மொத்தத்தில் இதுதான் கஷ்டமான பகுதி. நம் பக்கத்துப் பட்டா, சிட்டா இரண்டுக்கும் சேர்த்து இங்கே பஹணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். எங்கள் பஹணியில் மாமனார் பெயரே இருந்தது. அதை மாற்ற 'பௌதி காத்தா' செய்ய வேண்டும். அதற்கு இரண்டு இறப்புச் சான்றிதழ், அப்புறம் வாரிசுகளை வரிசையாகக் காட்டும் 'வம்ச விருட்ச' சான்றிதழ். கணவரின் தங்கை இருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கினேன். ஒரு அலுவலகத்தில் என் கோப்பு ஐந்து மாதம் அசையாமல் இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அரை நாள் போனது. கணவரை இழந்த பெண்கள் எத்தனை பேர் இந்த ஐந்து மாதத்தைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது.

பஹணி மாறியபின் எஃப்.ஐ.டி. எண் எடுக்க வேண்டும். விவசாயியின் ஆதாரையும் நிலத்தையும் இணைக்கும் 'ஃப்ரூட்ஸ்' பதிவில் கிடைக்கும் எண் அது. இப்போது கர்நாடகத்தில் விதை, சொட்டு நீர், ராகிக் கொள்முதல் என்று எதைக் கேட்டாலும் முதல் கேள்வி இதுதான். இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் இனிஷியல். பஹணியில் என் பெயருக்கு முன்னால் எழுத்து நிற்கிறது, ஆதாரில் கணவர் பெயர் முழுதாகப் பின்னால் வருகிறது. கணினி இரண்டையும் வேறு வேறு ஆளாகப் பார்த்தது. கடைசியில் ஆதாரைத் திருத்தினேன். நீங்கள் பௌதி காத்தாவுக்குக் கொடுக்கும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒன்றை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

இவை கையில் இருந்தால் வனத்துறை வேலை சுலபம். ரேஞ்ச் ஆபீஸில் விண்ணப்பம், பஹணி நகல், வங்கிப் புத்தக நகல், போட்டோ. ஒரே காலையில் முடிந்தது. படிவம் கன்னடத்தில்தான் இருந்தது. அங்கிருந்த பெண் ஊழியர் ஒவ்வொரு கட்டமாக வாசித்துச் சொன்னார்.

எந்த மரம் என்று முடிவு செய்வதில் அவசரப்படாதீர்கள். எல்லா மரத்துக்கும் ஊக்கத்தொகை கிடையாது. தைல மரம், சவுக்கு, சில்வர் ஓக், சுபாபுல், தென்னை, ஒட்டு மா, எலுமிச்சை வகைகள் எல்லாம் பட்டியலுக்கு வெளியே. நான் சில்வர் ஓக் வைக்கத்தான் போனேன், சுற்றிலும் எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். இப்போது யோசித்தால் அதை விலக்கியது நியாயமாகவே படுகிறது. சீக்கிரம் வளர்ந்து விலைபோகும் மரத்தை மக்கள் எப்படியும் வைப்பார்கள். புளியும் நாவலும் வைக்கத்தான் ஆள் இல்லை. தைல மரத்தைப் பொறுத்தவரை, 2017இல் மாநில அரசே புதிதாக நடுவதற்குத் தடை போட்டது. கோலார்ப் பக்கமும் பெங்களூரு கிராமப்புறத்திலும் நிலத்தடி நீர் இறங்கியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

சந்தனம் வைக்கச் சொல்லிப் பலர் ஆசை காட்டினார்கள். 2001இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் நிலத்துச் சந்தனம் நமக்கே சொந்தம் என்பது உண்மை. ஆனால் காவலுக்கு ஆள் இல்லாத நிலத்தில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான் வாங்கியது புங்கம் 30, மகோகனி 30, பலா 20, நாவல் 15, நெல்லி 15, புளி 10. நர்சரியில் புங்கத்தை ஹொங்கே, பலாவை ஹலசு, நாவலை நேரளே, புளியை ஹுணசே என்று கேட்டால்தான் உடனே புரியும். கன்றுகள் நன்றாக இருந்தன, வேர் பையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கவில்லை. வெளியே தனியார் நர்சரியில் விசாரித்த விலையோடு பார்த்தால் இது மிகக் குறைவு. வண்டிக் கூலி நம்முடையது, 900 ஆனது. குழி ஒன்றுக்கு 40 வீதம் 4,800.

முதல் வருடம் நல்ல மழை. 2023 ஜூனில் எண்ண வந்தார்கள். நான் அன்றைக்குப் போகவில்லை, புல்லும் வெட்டி வைக்கவில்லை. 88 என்று எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணன் போன் செய்ததும் அடுத்த நாளே ஓடிப்போய், புல்லை வெட்டி, ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, வெள்ளைத் துணி கட்டிவிட்டு மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டேன். வந்தார்கள். 104. மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். எண்ணும் நாளில் நீங்கள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும்.

அப்புறம் வந்தது வறட்சி. 2023இல் கர்நாடகத்தின் 236 தாலூகாக்களில் 223ஐ வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் ஒரு பொட்டு மழை இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூரு அபார்ட்மென்ட்டுகளுக்கே தண்ணீர் லாரி போதாதபோது, கிராமத்தில் 104 கன்றுக்கு யார் லாரி அனுப்புவார்கள்? அண்ணனின் போர்வெல்லில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் தந்தார். ஊர்ப் பெண்கள் இருவர் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். எங்கள் தெரு இளநீர்க் கடைக்காரர் கழித்துப் போடும் மட்டைகளை மூட்டை கட்டி, லக்கேஜ் ஆட்டோவில் கொண்டுபோய் ஒவ்வொரு தூரைச் சுற்றியும் கவிழ்த்து வைத்தோம். அடியில் ஈரம் நாலு நாள் கூடுதலாக நின்றது. அப்படியும் பலாக் கன்றுகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. இலை உதிர்ந்த கன்றை நகத்தால் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பேன். "அம்மா, ஹொங்கே சாகாது, அதுக்கு ஊத்துற தண்ணிய நேரளேக்கு ஊத்து" என்று அண்ணன் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தோம். முப்பது புங்கத்தில் ஒன்றுதான் போனது.

அந்த வருட எண்ணிக்கை 83. மூன்றாம் வருடம் 81. புங்கம் 29, மகோகனி 22, நாவல் 11, புளி 9, நெல்லி 6, பலா 4.

பணக் கணக்கு இது: 104க்கு 3,640, 83க்கு 3,320, 81க்கு 4,050. மொத்தம் 11,010 ரூபாய். எனக்குத் தண்ணீர்க் கூலி மட்டுமே அந்த வறட்சி வருடத்தில் 14,000 போனது. இந்தத் தொகையை நம்பி யாரும் மரம் வைக்க முடியாது. கூலி ஏறிக்கொண்டே போகிறது, 35 ரூபாய் என்பது ஒரு கன்றுக்குக் குழி வெட்டக்கூடப் போதவில்லை. வறட்சி அறிவித்த தாலூகாவில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் கன்று சாவது அந்த வருடத்தில்தான். நூறு நாள் வேலைத் திட்ட அட்டை வைத்திருந்த சிறு விவசாயிகள் குழிக் கூலியை அதில் வாங்கிக்கொண்டார்கள். நகரத்தில் குடியிருக்கும் எனக்கு அது இல்லை. இரண்டாவது தவணை கொஞ்ச நாள் தேங்கியதற்குக் காரணம் என் வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதையும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்துக்கு ஐந்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டால் நான்கு தருவேன். ஒன்றைக் குறைத்தது தொகைக்காக.

எஃப்.ஐ.டி. எண் கிடைத்ததில் இன்னொரு பயன், ஹோப்ளியில் (தாலூகாவுக்குக் கீழே சில கிராமங்கள் சேர்ந்த பிரிவு) இருக்கும் ரைத சம்பர்க்க கேந்திரா என்ற வேளாண்துறை மையத்தில் ராகி விதை மானியத்தில் கிடைக்கிறது. ஜி.பி.யு.-28 வாங்கி மர வரிசைகளுக்கு நடுவில் விதைக்கிறோம், இடையிடையே அவரைச் சால். குலை நோய் தாங்கும் ரகம் என்று அண்ணன் அதைத்தான் கேட்பார்.

39 குழி இப்போது காலியாக இருக்கிறது. என் வரம்பில் இன்னும் இடம் இருப்பதால் இந்த ஜூனுக்கு மறுபடி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை புங்கம் 25, புளி 10, பலா நாலு. பலா நாலையும் அண்ணன் போர்வெல்லை ஒட்டிய வரப்பில் வைக்கப் போகிறேன்.