சிறுவர் இல்லமா, ஸ்பான்சரா, பாட்டி வீடா? கென்யாவுக்கு எங்கள் ஜெபக்குழு அனுப்பும் காணிக்கை

பெங்களூரு அல்சூரில் கூடும் எங்கள் தமிழ் ஜெபக்குழு, மேற்குக் கென்யாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தொடர்ந்து உதவத் தீர்மானித்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அங்கே ஒரு போதகர் நடத்தும் சிறுவர் இல்லத்தைத் தாங்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம் என்று ஸ்பான்சர் செய்யலாம். அல்லது, பிள்ளை ஏற்கெனவே வளரும் பாட்டி வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ உள்ளூர்ச் சபை வழியாகக் கைகொடுக்கலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். குழுவின் கணக்கைப் பார்ப்பவள் என்பதால் மூன்று வழிகளுக்கான காகிதங்களையும் படித்து வாதாடியவள் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் இல்லாத திக்கற்ற பிள்ளைகளா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் காணிக்கையில் பெரும்பங்கு இங்கேதான் செலவாகிறது. எங்கள் குழுச் சகோதரர் ஒருவர் வேலை நிமித்தம் கிசுமு நகருக்குப் போய், அங்கே ஒரு சபையில் இணைந்ததால் இந்த வாசல் திறந்தது. தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டார் அனுப்பிய காணிக்கையில் பள்ளியும் மருத்துவமனையும் கண்ட சமூகம் நாம். திருப்பிக் கொடுக்க ஒரு வாய்ப்பு வந்தால் கணக்குப் பார்க்க எனக்கு மனமில்லை.

முதலில் இல்லம். நம் சபைகளுக்கு இது இரத்தத்தில் ஊறிய ஊழியம். 1876–78 பஞ்சத்தில் மைசூர் இராஜ்யமும் சென்னை மாகாணமும் மடிந்து விழுந்தபோது, தாயும் தகப்பனும் இறந்து தெருவில் நின்ற பிள்ளைகளை மிஷனெரிகள் வாரி எடுத்தார்கள். 1895-இல் பெங்களூருவில் வந்து இறங்கிய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் பிறகு திருநெல்வேலிச் சீமையின் தோனாவூரில் கட்டிய பிள்ளைகள் இல்லத்தைப் பற்றி அந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கை தானாகப் பைக்குள் போகிறது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும், படம் அனுப்பலாம், ஆண்டு விழா நடத்தலாம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த வசதிகள்.

ஆனால் இன்றைய இல்லங்களில் இருப்பவர்கள் யார்? பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் யுனிசெப் தன் கணக்கில் அனாதை என்றே சேர்க்கிறது. 2015-இல் உலகெங்கும் சுமார் 14 கோடிப் பேர் என்று அது சொன்ன எண்ணிக்கையில், இருவரையும் இழந்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேர்தான். உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் எழுதியது. பெங்களூரு வந்திருந்த அந்த இல்லத்துப் போதகரிடம் இதையே கேட்டோம். மறைக்காமல் சொன்னார்: பலருக்கு அம்மா இருக்கிறாள், சிலருக்குப் பாட்டி இருக்கிறாள், சாப்பாடும் பள்ளியும் கிடைக்கும் என்று கொண்டுவந்து விடுகிறார்கள். அவருடைய உண்மைக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எனக்கு அடுத்த கேள்வி பிறந்தது. சாப்பாடும் பள்ளியும்தான் குறை என்றால், அந்த இரண்டையும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கே ஏன் அனுப்பக் கூடாது?

செலவைக் கொண்டு மட்டும் நான் தீர்மானிக்கவில்லை. இல்லத்தின் பட்ஜெட்டில் சமையல்காரர், காவலாளி, டீசல், கூரை, வேலி என்று பிள்ளையைத் தொடாத செலவுகள் நிறைய. வீட்டுக்குப் போகும் உதவியில் அவை இல்லை. இது யாருக்கும் தெரியும். நான் குழுவில் திரும்பத் திரும்ப வைத்த கேள்வி வேறு: நம் பணம் ஒரு நாள் நின்றுபோனால், அன்று இரவு அந்தப் பிள்ளை எங்கே படுக்கும்?

நிற்காது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பெங்களூருவின் ஜெபக்குழு ஒன்றின் வாழ்வு எனக்குத் தெரியும். அதிகம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். ஒரு கம்பெனி ஆட்குறைப்புச் செய்தால் காணிக்கை குறைகிறது. ஒரு குடும்பம் கனடாவுக்குப் போய்விடுகிறது, இன்னொன்று ஒயிட்பீல்டுக்கு வீடு மாறி அங்கே வேறு சபையில் சேர்கிறது. போதகர் மாறுகிறார், புதியவருக்கு வேறு தரிசனம். ரூபாய் சரிந்தால் நாம் அனுப்பும் அதே தொகை அங்கே சுருங்கிப் போகிறது. எவருக்கும் தீய எண்ணம் இல்லாமலேயே பத்து ஆண்டுகளில் ஒரு குழு கலைந்துவிடும். பிள்ளை வளரவோ பதினெட்டு ஆண்டுகள் வேண்டும்.

இல்லத்தில் பணம் நின்றால் என்ன ஆகும்? முதலில் பிள்ளைகளைக் கவனிக்கும் பெண்கள் சம்பளமில்லாமல் விலகுகிறார்கள். பிள்ளை அம்மா என்று ஒட்டிக்கொண்டிருந்தது அவர்களில் ஒருவரோடுதான். பிறகு நிர்வாகி புதிய நன்கொடையாளரைத் தேடுகிறார், அதற்குப் பிள்ளைகளின் படங்கள் வேண்டும், மெலிந்த முகங்கள் வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் கதவு மூடுகிறது. பல ஆண்டு பிரிந்திருந்த பிள்ளைக்குத் தன் கிராமத்தில் நிலமில்லை, பேச்சு வழக்கு மறந்துவிட்டது, சித்தப்பாவுக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. இல்லம் நன்றாக நடந்தாலும் இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. கட்டடம் தாங்க நன்கொடை வேண்டும், நன்கொடை வர எண்ணிக்கை வேண்டும். படுக்கை காலியாக இருந்தால் அதை நிரப்ப ஒரு பிள்ளை தேடப்படுகிறது. நல்ல மனிதர் நடத்தும் இல்லத்திலும் இந்த நெருக்கடி வேலை செய்யும். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 154-இலிருந்து 269 ஆனது, ஆனால் அங்கிருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ இருந்தார்கள்.

பாட்டி வீட்டில் பணம் நின்றால்? சீருடை கிழிகிறது, பரீட்சைக் கட்டணம் பாக்கி நிற்கிறது, மக்காச்சோள மாவு குறைகிறது. அது சிறிய துன்பம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று இரவும் பிள்ளை அதே பாயில், அதே பாட்டியின் பக்கத்தில் படுக்கிறது. அண்ணன் தம்பி பிரியவில்லை. அதே பள்ளி, அதே சபை, அதே பெயர்.

பணம் இப்படி நின்றுபோகுமா என்று ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை, நம் நாட்டிலேயே நடந்தது. பிள்ளைகளுக்கு ஸ்பான்சர் தேடித் தரும் அமெரிக்கக் கிறிஸ்தவ நிறுவனமான கம்பேஷன் இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சபைகள் வழியாக உதவிக்கொண்டிருந்தது. முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து பணம் வரக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது, 2017 மார்ச்சில் எல்லாம் மூடப்பட்டது. பிள்ளைகள் மாலை வகுப்பையும் உணவையும் மருத்துவச் சோதனையையும் இழந்தார்கள். பல வீடுகளில் கண்ணீர். ஆனால் அந்தப் பிள்ளைகள் தங்கள் பெற்றோரோடு இருந்தார்கள், வீடு போகவில்லை. அத்தனை பேரும் விடுதிகளில் இருந்திருந்தால் அந்த மார்ச் மாதம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோனாவூரை எடுத்துக்காட்டி என்னிடம் வாதிட்டார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். ஏமி கார்மைக்கேல் இந்தியாவுக்கு வந்தபின் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை, 1951-இல் அங்கேயே கண்மூடினார். பிள்ளையை எடுத்தவர் பிள்ளையோடு கடைசிவரை இருந்தார். மாதம் ஒருமுறை வங்கிக்குப் போய்ப் பணம் அனுப்பும் நாங்கள், எந்த உரிமையில் ஒரு பிள்ளையை அதன் பாட்டியிடமிருந்து எடுப்போம்?

ஆராய்ச்சியும் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், அரசு இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி முந்தியது, இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் கூடுதல். அவை கைவிடப்பட்ட நிலையில் இருந்த அரசு இல்லங்கள், ஜெபத்தோடு நடத்தப்படும் ஒரு சிறிய இல்லத்துக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று நான் இழுக்கமாட்டேன். கென்ய அரசு எந்தத் திசையில் போகிறது என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை 2017-இல் நிறுத்திவைத்தது. பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டத்தை 2022-இல் வெளியிட்டது. அதற்கும் வெகு முன்பே, 2004-இலிருந்து, அனாதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழை வீடுகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அந்தத் தொகை மாதம் 2,000 ஷில்லிங் என்று ஆனது. இந்தியாவிலும் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டம் அதே வழியில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறது. ஒரு நாடு விலகி வரும் வழியில் நாம் செங்கல் அடுக்குவது சரியா?

வேதமும் எனக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. யாக்கோபு நிருபம் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒன்றாகச் சேர்த்தே விசாரிக்கச் சொல்கிறது. இல்லத்துக்குப் போகும் காணிக்கை பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு விதவையை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புகிறது.

ஸ்பான்சர் முறை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். இந்த முறையில் உதவும் வேர்ல்டு விஷனும் கம்பேஷனும் 1950-களின் தொடக்கத்தில் கொரியப் போரின் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. கம்பேஷனின் உதவி பெற்றவர்களை ஆறு நாடுகளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், அவர்கள் மற்றவர்களைவிட ஓர் ஆண்டுக்கும் மேல் கூடுதலாகப் பள்ளியில் படித்ததாக 2013-இல் வெளியிட்டார்கள். எங்கள் குழுவில் இளம் தாய்மார்கள் இதைத்தான் விரும்பினார்கள், தங்கள் பிள்ளைகள் அங்கே ஒரு பிள்ளைக்குக் கடிதம் எழுதுவார்கள் என்று. எனக்கு நெருடியது ஒன்று: ஒரே வீட்டில் நான்கு பேரப்பிள்ளைகள் இருக்க, படத்தில் அழகாக விழுந்த ஒன்றுக்கு மட்டும் புதுக் காலணி வருவது. உதவி வீட்டுக்குப் போனால் பாட்டி பங்கிடுவாள். நல்ல கண்காணிப்பு உள்ள நிறுவனத்தின் வழியாக ஸ்பான்சர் செய்பவர்களை நான் தடுக்கமாட்டேன். தெரிந்த சபை இல்லாதவர்களுக்கு அதுவே பாதுகாப்பான வழி.

பணம் அனுப்பும் வழி பற்றிச் சுருக்கமாக. சபை டிரஸ்டிலிருந்து வெளிநாட்டுக்குச் செலவிட்டால் வருமான வரிச் சலுகை சிக்கலாகும், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வகுத்த எல்.ஆர்.எஸ். திட்டத்தில் தங்கள் சொந்தப் பணத்தை நன்கொடையாக அனுப்பலாம். ஆண்டு வரம்பு 2,50,000 டாலர், பான் எண் கட்டாயம். நன்கொடைக்கான வரிவிலக்கு கிடைக்காது. சிறு தொகையை மாதாமாதம் அனுப்பினால் வங்கிக் கட்டணம் தின்றுவிடும், ஆகவே ஒவ்வொரு காலாண்டும் ஒரு குடும்பம் தன் பெயரில் தன் ஆண்டுக் காணிக்கையை மொத்தமாக அனுப்புகிறது. கிசுமுவில் சபை தன் வங்கிக் கணக்கில் பெற்று, பாட்டிகளின் கைப்பேசிக்கு எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை மூலம் கொடுக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது பதிவாகிறது. தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை அந்த நாடு 2003-இலேயே நீக்கிவிட்டது, எனவே சீருடை, புத்தகம், உணவு, ஒழுகும் தகரக் கூரை இவற்றுக்கே பணம் போகிறது.

எங்கள் வழியின் பலவீனம் எனக்குத் தெரியும். உறவினர் எல்லாரும் பாட்டியைப்போல் இருப்பதில்லை. உதவிப் பணத்துக்காகப் பிள்ளையை வைத்துக்கொண்டு வயலில் வேலை வாங்கும் மாமன்களும் உலகில் உண்டு. வீட்டுக்கு வீடு போய்ப் பார்ப்பவர்கள் சபை மூப்பர்கள், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் அல்லர். பாட்டிகளுக்கு வயதாகிறது, அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் விடை இல்லை. எங்கள் பிள்ளைகளில் எவரும் இன்னும் மேல்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை, ஆகவே இது நீண்ட நாளில் எப்படிக் கனியும் என்று அனுபவத்திலிருந்து பேசும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.

கடும் உடல்குறையோடு பிறந்த பிள்ளைகளும், உறவென்று ஒருவரும் அகப்படாத கைக்குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். சில பிள்ளைகளே வாழும், வளர்ப்புக் குடும்பம் கிடைக்கும்வரை மட்டும் வைத்திருக்கும் சிறிய வீடாக அது இருந்தால் நான் கைதூக்குவேன். ஏற்கெனவே ஓர் இல்லத்தைத் தாங்கிவரும் சபைகளும் இதைப் படித்துவிட்டு அடுத்த மாதமே நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் நான் இத்தனை நேரம் அஞ்சிய அதே இரவு அந்தப் பிள்ளைகளுக்கு வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை நிர்வாகியிடம் கேளுங்கள். வீட்டுக்குத் திருப்ப முடிந்தவர்களுக்கு அந்தச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசிப் பிள்ளை போய்ச் சேரும்வரை காணிக்கையைக் குறைக்காதீர்கள்.