ஃபேகல்டி அட்வைசர் முறை: நாலு வருஷம் பயன்படுத்திப் பார்த்ததில்

காலேஜ் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பிளேஸ்மென்ட் எப்படி, எங்க ஊருக்கு பஸ் வருமா, ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். மென்டர் (நமக்கென்று ஒதுக்கும் ஆலோசகர் ஆசிரியர்) யார், ஒரு மென்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் நாலு வருஷத்தில் நமக்கு எது கைகொடுக்கும், எது வெறும் சடங்கு என்பதை முடிவு செய்வதில் அந்த ஒரு ஆளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்த வருஷம் சேரப்போகிறவர்களுக்காக என் அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் பின்னணி. ஊர் சென்னிமலைப் பக்கம், வீட்டில் தறி ஓடுகிறது, குடும்பத்தில் டிகிரி படித்த முதல் ஆள் நான். படித்தது கோவை - சேலம் ரோட்டில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்). அது அண்ணா பல்கலைக்கழகத்தின் நேரடி இணைப்பில் உள்ள கல்லூரி. எங்களுக்கு 2021 ரெகுலேஷன், அதாவது பாடம், மார்க், பாஸ் பற்றிய பல்கலைக்கழக விதிகள். நான் சொல்லும் மார்க் கணக்கெல்லாம் அதற்குத்தான். பிஎஸ்ஜி டெக், சிஐடி, ஜிசிடி, பெருந்துறை கொங்கு மாதிரி தன்னாட்சிக் கல்லூரிகளில் ரெகுலேஷன் அவரவருடையது; அங்கே படிக்கிறவர்கள் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவும்.

ரெகுலேஷன் புத்தகத்திலேயே இந்த முறை இருக்கிறது. துறைத் தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். படிப்பைத் திட்டமிடவும் பொதுவான ஆலோசனைக்கும் அவர்தான் பொறுப்பு. புத்தகத்தில் ஃபேகல்டி அட்வைசர், எங்கள் வாயில் மென்டர்.

முதல் வருஷம் எனக்குக் கிடைத்தது சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ் துறையில் ஒரு மேடம். நல்லவர், ஆனால் அவர் வேலை பெரும்பாலும் வீட்டுக்கு போன் செய்வது. இன்டர்னல் மார்க் வந்ததும் அப்பாவுக்கு அழைப்பு போகும். “ஏனுங் மேடம், பையன் எப்படிங் படிக்கிறான்?” “பரவாயில்லைங்க, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணச் சொல்லுங்க.” அவ்வளவுதான். தறிச் சத்தத்துக்கு நடுவே இதைக் கேட்ட அப்பா சாயங்காலம் என்னிடம் அதையே திருப்பிச் சொல்வார். எதில் முயற்சி, எவ்வளவு முயற்சி என்பது மூன்று பேருக்கும் தெரியாது. அந்த செமஸ்டரில் மேத்ஸ், அதாவது மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், அரியர் விழுந்தது.

அப்புறம் அந்த மென்டர் புக். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நோட்டு; தேதி, பேசிய விஷயம், எடுத்த நடவடிக்கை, மாணவன் கையெழுத்து, மென்டர் கையெழுத்து என்று கட்டம் போட்டிருக்கும். கல்லூரிக்குத் தரமதிப்பு போடும் நாக் குழு வரப்போகிறது என்றால் முந்தின வாரம் எங்களை லேபில் உட்காரவைத்து முந்தைய செமஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். ஒரே மை தெரியக்கூடாது என்று நீலப் பேனாவும் கறுப்புப் பேனாவும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். ‘பேசிய விஷயம்’ கட்டத்தில் பாதிப் பேர் ‘நேர மேலாண்மை’ என்று எழுதியிருப்போம். அதை எழுத ஒரு முழு மத்தியானம் போனது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் வருஷம் துறைக்கு வந்ததும் வேறு மென்டர். அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாட்ஸப் குரூப்பில் சுற்றறிக்கையைத் தள்ளிவிடுவார். நான் முதல்வன் கோர்ஸ் பதிவு, ஸ்காலர்ஷிப் கடைசித் தேதி எல்லாம் அதில்தான் வந்தன. அதுவரைக்கும் உபயோகம்.

மூன்றாம் வருஷம் வந்த சாரால்தான் இதை எழுதுகிறேன். முதல் சந்திப்பிலேயே, “வா கண்ணு, உக்காரு. மார்க்‌ஷீட்டெல்லாம் கொண்டாந்தயா?” என்றார். குடும்பம், லட்சியம், பொழுதுபோக்கு எதையும் கேட்கவில்லை. பின்பக்கம் காலியாக இருந்த ஒரு பழைய கொஸ்டின் பேப்பரைத் திருப்பிப் போட்டு நாலு கோடு இழுத்தார். பாடம், கிரெடிட் (அந்தப் பாடத்தின் எடை), இன்டர்னல், வேண்டிய மார்க்.

எங்கள் ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60. செமஸ்டர் தாளை நூறுக்கு எழுதுகிறோம், அதை 60-க்குச் சுருக்குகிறார்கள். பாஸாக மொத்தத்தில் 50 வேண்டும். அது போக செமஸ்டர் தாளில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். சார் அதை எண்ணாகப் போட்டுக் காட்டினார். இன்டர்னல் 23 இருந்தால் தாளில் 45 எடுத்தால் சரியாக 50 வந்துவிடும். இன்டர்னல் 17 என்றால் அதே 45 பத்தாது, தாளில் 55 எடுத்தாக வேண்டும். இன்னொரு பக்கம், இன்டர்னல் 38 வாங்கி மெத்தனமாக இருப்பவன் தாளில் 44 எடுத்தாலும் அரியர்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக அந்த எண்ணை எழுதிக் கொடுத்தார். “இன்னும் கொஞ்சம் முயற்சி” என்று இரண்டு வருஷமாகக் கேட்டது அன்றைக்குத்தான் எண்ணாக வந்தது.

அடுத்து சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி. கிரேடு புள்ளியை (ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8) கிரெடிட்டால் பெருக்கித்தான் கூட்டுகிறார்கள். முதல் செமஸ்டரில் தமிழர் மரபு 1 கிரெடிட், மேத்ஸ் 4 கிரெடிட். தமிழர் மரபில் ஏ-யிலிருந்து ஓ-வுக்கு ஏறினால் கூடுவது 2 புள்ளி. மேத்ஸில் ஏ-யிலிருந்து ஏ பிளஸுக்கு ஒரே படி ஏறினாலே 4. எங்கள் செட்டில் பாதிப் பேர் சுலபமான பாடத்துக்கே ராத்திரி கண் விழித்தோம், அதில் மார்க் வரும் சந்தோஷத்துக்காக. (தமிழர் மரபு படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுகல்லும் கீழடியும் அதில்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.)

எலெக்டிவ் (விருப்பப் பாடம்) எடுக்கும் சமயத்தில் இன்னொரு உதவி. ஐந்தாம் செமஸ்டரிலிருந்து 18 கிரெடிட் கூடுதலாக எடுத்தால் வேறு துறையில் மைனர் டிகிரி சேர்த்து வாங்கலாம். ஈசிஇ வகுப்பே ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று துடித்தது. சார் மறுக்கவில்லை, கணக்கை மட்டும் போட்டார். மூன்று கிரெடிட் பாடமாக 18 என்றால் ஆறு பாடம். கம்பெனிகள் வரும் ஏழாவது செமஸ்டரில் ஆப்டிட்யூட், இன்டர்வியூ, பிராஜெக்ட் எல்லாவற்றோடும் இதுவும் சேரும். பின்னாடி சர்ட்டிபிகேட்டில் ஒரு வரி கூடும். கேட்டுவிட்டு சிலர் எடுத்தார்கள், சிலர் விட்டார்கள். எடுத்தவர்கள் தெரிந்து எடுத்தார்கள்.

விட்டவர்களில் சிலருக்கு ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் கோர்ஸான என்பிடெல் வழி காட்டினார், எனக்கும்தான். 12 வார கோர்ஸ் ஒன்றை ஒரு எலெக்டிவுக்குப் பதிலாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் துறையின் அனுமதியை முதலிலேயே வாங்க வேண்டும். முடித்துவிட்டுப் போய்க் கேட்டவர்கள் கையில் சர்ட்டிபிகேட் மட்டும் இருந்தது. கோர்ஸில் சேர காசில்லை, பரீட்சைக்கு மட்டும் 1000 ரூபாய். வாராவாரம் அசைன்மென்ட், 12-இல் சிறந்த 8-ஐத்தான் எடுக்கிறார்கள், அதற்கு 25, நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. பரீட்சை நன்றாக எழுதிவிட்டு அசைன்மென்ட்டில் 25-க்கு 10 வராமல் சர்ட்டிபிகேட் கிடைக்காதவர்கள் உண்டு. முதல் மூன்று வாரம் விடாமல் போட்டுவிட்டால் அப்புறம் பழகிவிடும் என்பார் சார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

பென்ச்மேட் ஒருவனுக்கு எதிர்பாராமல் ஒரு பாடம் போனது. எல்லோரும் ரீவேல்யூஷன் போடு, ரீவேல்யூஷன் போடு என்றார்கள். சார் முதலில் விடைத்தாள் நகலை வாங்கச் சொன்னார். அதைப் பாடம் எடுத்த மேடத்திடம் கொண்டுபோய் கேள்வி கேள்வியாக மார்க் போட்டுப் பார்த்ததில் கூடுவதற்கு இரண்டு மூன்று மார்க்தான் இருந்தது, தேவையோ அதற்கு மேல். காசைக் கட்டாமல் அடுத்த தடவைக்குப் படிக்க ஆரம்பித்தான். ஒருவேளை போட்டிருந்தால் வந்திருக்குமோ என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான், அது வேறு.

நடுவில் செயலிகளையும் பார்த்தாயிற்று. ஏஐ செயலி ஒன்று எனக்குப் போட்டுக் கொடுத்த அட்டவணையில் சாயங்காலம் ஐந்து முதல் ஒன்பது வரை அமைதியான சூழலில் படிப்பு. காலேஜ் பஸ் என்னை இறக்கிவிடுவதே ஆறரைக்கு, வீட்டில் தறி நிற்பது அதற்கும் வெகுநேரம் கழித்து. பாஸ் மார்க்கையும் 40 என்று அடித்துச் சொன்னது. வேறெந்தப் பல்கலைக்கழகத்துக் கணக்கோ. பாடத்தில் புரியாத இடத்தை விளக்கச் சொன்னால் நன்றாகவே செய்கிறது, திட்டம் போடுவதை அதனிடம் விடுவதில்லை.

எனக்கு ஒத்துவந்தது வீட்டுத் தினசரி காலண்டர்தான். பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் நடுவதும் பண்ணாரி குண்டமும் வரும். சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள், நானும் போகாமல் இருக்கப் போவதில்லை. இன்டர்னல் டெஸ்ட்டும் அதையொட்டியே வந்து நிற்கும். அந்த நாட்களை முதலிலேயே அடித்துவிட்டு, மாதாந்திர மின்தடை நாளில் தறி ஓடாது என்பதால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, மிச்ச நாளைப் பாடங்களுக்குப் பிரித்தேன். சாரிடம் காட்டினேன். “இதுதான் நடக்கிற பிளான்” என்றார்.

மாதச் சந்தா வாங்கி ஆன்லைனில் ‘அகடமிக் மென்டரிங்’ தருகிறோம் என்று வருகிறவர்களையும் சொல்லிவிடுகிறேன். என் தோழி ஒருத்தி சேர்ந்தாள். இரண்டாவது அழைப்பிலேயே இஎம்ஐ போட்டு ஒரு கோர்ஸ் வாங்கச் சொன்னார்கள். அவர்களுக்கு எங்கள் ரெகுலேஷனே தெரியாது.

இந்த முறையில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒன்று இருக்கிறது. மென்டரிடம் சொன்னது வீட்டுக்குப் போய்விடும். எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் வருஷத்திலேயே வீட்டில் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். படிப்பில் மனம் நிற்கவில்லை என்று மென்டர் மேடத்திடம் அழுதிருக்கிறாள். மேடம் நல்ல எண்ணத்தில்தான் அவள் அப்பாவுக்கு போன் செய்து பேசினார். “வீட்டு விஷயத்தை வெளியில் சொன்னியா அம்மிணி?” என்று அன்றைக்கு ராத்திரி நடந்தது வேறு கதை. அதற்கப்புறம் அவள் மென்டர் அறைப் பக்கமே போகவில்லை. மற்றவர்களும் மார்க் தவிர எதையும் பேசுவதை நிறுத்திக்கொண்டோம். மென்டராக இருப்பவர்களுக்கு இதில் எந்தப் பயிற்சியும் கொடுத்ததாகத் தெரியவில்லை. பாடம் எடுத்து, பேப்பர் திருத்தி, அட்மிஷன் வேலைக்கும் ஓடுகிறவர்களிடம் இதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மனசு சரியில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. மென்டரிடம் மார்க்‌ஷீட்டோடு மட்டும் போங்கள்.

ஸ்டார் கொடுக்கச் சொன்னால் மூன்றாம் வருஷ சாருக்கு ஐந்து, முறைக்கு இரண்டரை. ஏனென்றால் அவர் நாலாம் வருஷம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், வந்தவர் மறுபடி முதலிலிருந்து “உன் லட்சியம் என்ன தம்பி?” என்று ஆரம்பித்தார். அந்தக் கொஸ்டின் பேப்பர் கணக்கு மென்டர் புக்கில் எங்கேயும் ஏறவில்லை. என்னிடம் இருந்தது, அதை வைத்து மிச்சத்தை நானே ஓட்டினேன். மேத்ஸ் அரியர் அதற்கு முன்பே முடிந்திருந்ததால் கம்பெனி வரும்போது ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கா’ என்ற கேள்விக்குப் பயமில்லை.

உங்களுக்கு வாய்த்த மென்டர் சரியில்லை என்றால் எக்ஸாம் செல்லில் இருக்கும் அண்ணன்களைப் பிடியுங்கள். கட்டணம் கட்டும் கடைசித் தேதி, எந்தத் தாளுக்கு எந்த செஷன் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். வருகைப்பதிவு விஷயத்துக்கு மட்டும் மென்டரை நம்பி உட்காராமல் நேராகத் துறைத் தலைவரிடம் போய்விடுங்கள். 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால் மருத்துவக் காரணம் மாதிரியானவற்றுக்குச் சலுகை உண்டு, சான்றிதழ் இருந்தால். அதை லீவு முடிந்து வந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் கொண்டுபோனால் எங்கள் கல்லூரியில் வாங்கவே மாட்டார்கள்.