ஒரு லோயர் ஆர்முக்காக ஏழு மாதம்: கார் காப்பீட்டு கிளெய்ம் அனுபவம்

2023 ஆகஸ்டில் ஓர் இரவு, கோவை எல் அண்ட் டி பைபாஸில் முன்னால் சென்ற லாரி திடீரென வேகத்தைக் குறைத்ததும், என் காரின் இடது முன்பக்கம் அதன் பின்மூலையில் போய் இடித்தது. யாருக்கும் காயமில்லை. கார் 2020 நவம்பரில் வாங்கிய 1,200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். அதற்கு ‘நில் டெப்’ என்று சொல்லப்படும், தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தேன். அந்த பாலிசியைப் பற்றியும் அதை வைத்து நடந்த பழுதுபார்ப்பைப் பற்றியும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். டெலிவரி எடுத்த அன்று எழுதியிருந்தால் தாராளமாகப் பாராட்டியிருப்பேன்.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துக்கொள்வார்கள். என் வண்டியின் வயதுக்கு உலோகப் பாகங்களில் 15 சதவீதம் போயிருக்கும். நில் டெப் இருப்பதால், கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் கூலன்ட், ஆயில் போன்றவற்றின் செலவும் தவிர வேறெதுவும் கையிலிருந்து போகாது என்று நம்பியிருந்தேன். ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 1,86,000 ரூபாய். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் ஒப்புக்கொண்டதோ 1,31,000. வித்தியாசத் தொகையில் தேய்மானக் கழிவு ஒரு ரூபாய்கூட இல்லை. சில பாகங்களுக்கு நேராக ‘மாற்று’ என்றிருந்ததை ‘பழுதுநீக்கு’ என்று திருத்தியதிலும், சிலவற்றை அடியோடு அடித்துவிட்டதிலும்தான் அந்த 55,000 ரூபாய் குறைந்திருந்தது. மாற்றப்படும் பாகத்தின் விலையில் தேய்மானம் கழிக்க மாட்டோம் என்பது மட்டுமே நில் டெப் தரும் வாக்குறுதி. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. பாலிசி விற்றவர் இதைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், ரேடியேட்டர், கண்டன்சர் ஆகியவற்றைப் புதிதாக மாற்றினார்கள். என்ஜின் அறையின் பக்கவாட்டு உட்தகடான இடது ஏப்ரனை இழுத்து நிமிர்த்தினார்கள். அது முறையான வேலைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எஸ்டிமேட்டில் இருந்த இடது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), சப்ஃப்ரேம் (அந்த ஆர்ம் பொருந்தும் அடிச்சட்டம்) மூன்றும் ‘பயன்பாட்டுத் தேய்மானம், விபத்துடன் தொடர்பில்லை’ என்ற குறிப்புடன் அடிக்கப்பட்டிருந்தன. அன்று அந்தத் தாளை யாரும் என்னிடம் காட்டவில்லை. செப்டம்பர் இறுதியில் ஒரு மாலை, பளபளவென்று நின்ற வண்டியின் சாவியோடு ஒரு கற்றைத் தாளையும் நீட்டினார்கள். பழுதுபார்ப்பு திருப்தி என்று கூறும் படிவமும் அதில் இருந்தது. ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்திட்டேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய பிழை அதுதான்.

நீலாம்பூர் தாண்டுவதற்குள்ளேயே ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுப்பது தெரிந்தது. இரண்டு முறை கொண்டுபோய் விட்டேன். இரண்டு முறையும் ‘அலைன்மென்ட் செய்தாயிற்று’ என்று திருப்பித் தந்தார்கள். 3,000 கிலோமீட்டரில் இடது முன் டயரின் உள்விளிம்பு வழுவழுப்பாகத் தேய்ந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டயர் கடையில் கணினி அலைன்மென்ட் செய்து அச்சுத்தாள் வாங்கியபோது, இடது சக்கரத்தின் கேம்பர் கோணம், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு, வரம்பைத் தாண்டிச் சிவப்பில் இருந்தது. இந்த வகை சஸ்பென்ஷனில் டோ கோணத்தை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் அளவு) திருகிச் சரிசெய்யலாம். கேம்பருக்கு அப்படி வசதி இல்லை. அது வரம்புக்கு வெளியே இருக்கிறது என்றால் ஏதோ ஓர் உலோகம் வளைந்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். எனக்குப் பல வருடப் பழக்கமான மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, இடது ஆர்மையும் வலது ஆர்மையும் ஒரே சட்டகத்தில் வரும்படி படமெடுத்துக் கொடுத்தார். “டிங்கர் வேலை அருமையா இருக்கு சார், ஆனா கால் நொண்டுது” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் அட்வைசர் சொன்ன யோசனை வேறு: பள்ளத்தில் இறங்கியதாக எழுதிப் புதிய கிளெய்ம் போட்டுவிடலாமாம். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் நடக்காத விபத்தை நடந்ததாக எழுதிக் கையெழுத்திடுவது மோசடி. பிடிபட்டால் நியாயமான கிளெய்மும் சேர்ந்தே போய்விடும். பழைய கிளெய்ம் எண்ணிலேயே கூடுதல் எஸ்டிமேட் ஏற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக நின்றேன்.

காப்பீட்டு நிறுவனத்தின் முதல் பதில் ஒரே வரி: திருப்திப் படிவம் பெறப்பட்டுவிட்டதால் கிளெய்ம் முடிந்துவிட்டது. அதன் பிறகு தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் மட்டுமே எழுதினேன். முதலில் சர்வே அறிக்கையின் பிரதியைக் கேட்டேன். பாலிசிதாரர் கேட்டால் அதைத் தர வேண்டும் என்பது விதி. இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு வந்தது. ‘பயன்பாட்டுத் தேய்மானம்’ என்ற குறிப்பை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். மூன்று வயதுகூட நிரம்பாத வண்டியில், இடிபட்ட பக்கத்து ஆர்ம் மட்டும் வளைந்தும் மறுபக்கத்து ஆர்ம் நேராகவும் இருக்கும்போது, அதைத் தேய்மானம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்ற ஒரே கேள்வியை, படங்கள், அச்சுத்தாள், விபத்துக்கு முந்தைய சர்வீஸ் பில் ஆகியவற்றோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். தாமதம், மன உளைச்சல் என்றெல்லாம் எழுதத் தோன்றியது. எழுதியிருந்தால் அதற்கு மட்டும் ஒரு மன்னிப்புக் கடிதம் வந்திருக்கும்.

அதற்கும் மறுப்புதான் வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் பதிந்த புகார், நிறுவனத்திடமே திரும்பிப் போய் அதே வாசகத்தோடு முடித்துவைக்கப்பட்டது. பிறகு, தமிழ்நாட்டுப் புகார்களைக் கவனிக்கும் சென்னை காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (நிறுவனத்தைச் சாராத குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்கு எழுதினேன். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க முடியாது, நிறுவனம் மறுத்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கக் கூடாது. ஆம்பட்ஸ்மேனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்கு நிறைவில்லையென்றால் நாம் நுகர்வோர் ஆணையத்தை நாடத் தடையில்லை. விசாரணை காணொளி வழியாக நடந்ததால் கோவையிலிருந்தே கலந்துகொண்டேன். நிறுவனத்தின் சார்பில் வந்தவர் திருப்திப் படிவத்தை மறுபடியும் எடுத்து நீட்டினார். வெளியே தெரியாத ஒரு கோளாறை அறிந்துகொண்டா நான் அதில் கையெழுத்திட்டேன் என்று கேட்டேன். அதன் பிறகு பேச்சு அலைன்மென்ட் தாளுக்குத் திரும்பியது. தீர்ப்பு வரை போகாமல் சமரசத்திலேயே முடிந்தது: வேறொரு சர்வேயர் வண்டியைப் பார்ப்பார், அவர் சொல்வதை நிறுவனம் ஏற்கும்.

புதிய சர்வேயர் லிஃப்டுக்குக் கீழே அரை மணி நேரம் நின்றார். லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் இரண்டையும் மாற்றவும், சப்ஃப்ரேமை அளந்து பார்த்து முடிவெடுக்கவும் எழுதினார். அளந்ததில் அதுவும் மாறியது. 2024 ஏப்ரலில், அதே கிளெய்ம் எண்ணில் வேலை முடிந்தது. இந்த முறை சாவியை வாங்கி இருபது கிலோமீட்டர் ஓட்டி, அலைன்மென்ட் தாளைப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். தேய்ந்த டயருக்கும் நான் செய்த வெளிப் பரிசோதனைக்கும் ஆன செலவு கிடைக்கவில்லை. அதற்காக மேலே போகவும் எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு 24,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. முன் டயர்கள் இரண்டும் சமமாகத் தேய்கின்றன. இழுத்து நிமிர்த்திய ஏப்ரனில் துரு இல்லை. பெயிண்ட் மட்டும் வெயிலில் நிறுத்தினால் பானெட்டிலும் ஃபெண்டரிலும் சற்றே வேறு சாயலில் தெரியும், அதைப் பழகிக்கொண்டேன். கிளெய்ம் செய்ததால் 2023 நவம்பரில் 35 சதவீதமாகியிருக்க வேண்டிய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யமானது. மறு ஆண்டு 20, கடந்த நவம்பரில் 25: விபத்து நடந்த இரவில் எங்கே இருந்தேனோ அங்கே திரும்பி வந்திருக்கிறேன்.