ஊர் சரி, பேர் தப்பு: ஃபிடோநெட்டில் ஐந்து வருடம் விலாசம் எழுதிய கதை

1990இல் படிக்கப் போன இடம் வாஷிங்டன் பக்கம். அறையைக் காலி செய்துகொண்டு போனவர் ஒரு பழைய பிசியையும் 2400 பாட் மோடத்தையும் விட்டுவிட்டுப் போனார். அதை வைத்து உள்ளூர் புல்லட்டின் போர்டு ஒன்றில் (போனில் அழைத்து உள்ளே நுழையும் ஒரு கணினி) சேர்ந்து, 1995 வரை என் கடிதப் போக்குவரத்தை அதிலேயே நடத்தினேன். போர்டில் விளையாட்டு இருந்தது, கோப்புகள் இருந்தன, சண்டைகளும் நிறைய. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். என்னைப் பாடாய்ப் படுத்தியது கடிதத்துக்கு விலாசம் எழுதும் வேலைதான். பிடித்துப்போனதும் அதுதான்.

சேர்ந்த முதல் நிமிடத்திலேயே தொல்லை. திரையில் முதல் பெயர் கேட்டது, அப்புறம் கடைசிப் பெயர். என்னிடம் இருந்ததோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். நம் வழக்கப்படி அப்பா பெயர்தானே முன்னால் வரும் என்று ‘ராமசாமி’ என முதலிலும் ‘கண்ணன்’ என அடுத்ததிலும் அடித்தேன். அன்றிலிருந்து அந்தப் போர்டில் எல்லோரும் என்னை ராமசாமி என்றே கூப்பிட்டார்கள். அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினேன், சிரித்திருப்பார்.

அந்தப் பெயரை ஏன் கவனமாகப் போட்டிருக்க வேண்டும் என்பது பின்னால்தான் புரிந்தது. எங்கள் போர்டு ஃபிடோநெட்டில் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய வலை அது. அவருடைய போர்டும் பால்டிமோரில் ஜான் மேடில் நடத்திய போர்டும் இரவில் ஒன்றையொன்று போனில் அழைத்துக் கடிதம் மாற்றிக்கொண்டதில் ஆரம்பம். முதலில் ஒரு போர்டுக்கு ஓர் எண், அவ்வளவுதான். போர்டுகள் பெருகியதும் பட்டியலைப் பராமரிக்க முடியவில்லை. அதனால் 1985இல் வட்டார எண்ணும் முனை எண்ணும் வந்தன, கொஞ்ச காலத்தில் மண்டல எண்ணும் சேர்ந்தது. 1:109/999 என்றால் (முனை எண் கற்பனை) 1 வட அமெரிக்கா, 109 வாஷிங்டன் வட்டாரம், சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் இருப்பது போர்டு. இந்த எண் கடிதத்தைப் போர்டின் வாசல் வரைதான் கொண்டுபோகும். உள்ளே யாருக்கு என்பதைப் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். எழுத்து ஒன்று மாறினாலும் கடிதம் வந்து சேரும், ஆனால் உரியவர் கண்ணில் படாது.

மண்டல எண்ணைச் சாதாரணமாக நினைத்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இங்கிலாந்தில் இருந்த நண்பனின் போர்டு 2:250இல் இருந்தது. அவசரத்தில் 2ஐயும் முக்காற்புள்ளியையும் விட்டு 250இலிருந்து அடித்தேன். ஃபிடோநெட் கடிதத்தின் தலைப்பகுதி முதலில் வகுக்கப்பட்டபோது அதில் வட்டாரத்துக்கும் முனைக்கும் மட்டும்தான் இடம் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த மண்டல எண்ணை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியாகக் கடிதத்துக்குள்ளேயே செருகினார்கள். நான் எண்ணைக் கொடுக்காததால் அந்த வரியும் இல்லை. கடிதம் 1:250க்குப் போனது. அது டொரண்டோ. அங்கிருந்த சிஸ்ஆப், அதாவது போர்டை நடத்துபவர், ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை’ என்று மெனக்கெட்டு எழுதினார். நல்ல மனுஷன்.

வேகம் பற்றிக் கேட்பீர்கள். மண்டலத்தில் எல்லா முனைகளும் பயனாளர்களை வெளியேற்றிவிட்டு ஒன்றோடு ஒன்று பேச தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு அது குளிர்காலத்தில் காலை 4 மணி. இரவு எழுதினால், நேரடியாக அழைக்கும் ஏற்பாடு இருந்தால், விடிவதற்குள் போய்விடும். பல கை மாறிப் போவதானால் நாட்கணக்கு. தொலைதூர அழைப்பின் கட்டணம் சிஸ்ஆப் தலையில், அதனால் நீளமாக எழுதக் கூச்சமாகவே இருக்கும்.

உண்மையான வித்தை ஃபிடோநெட்டுக்கு வெளியே எழுதும்போதுதான். சென்னை ஐஐடியில் ஒரு நண்பன் இருந்தான், அவனுடைய விலாசம் ஐஐடிஎம்.எர்நெட்.இன் என்று முடியும். எங்கள் போர்டின் மென்பொருளுக்கு @ குறி புரியாது. ஆகவே பெறுநர் பெயர் இருக்கும் இடத்தில் ‘யூயூசிபி’ (யூனிக்ஸ் கணினிகள் கடிதம் மாற்றிக்கொண்ட முறையின் பெயர்) என்று போட்டு, பக்கத்தில் இருந்த கேட்வே போர்டின், அதாவது ஃபிடோநெட்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே கடிதம் கைமாற்றும் போர்டின், எண்ணைக் கொடுக்க வேண்டும். கடிதத்தின் முதல் வரியில் ‘டு’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, நண்பனின் முழு விலாசம். அப்புறம் ஒரு வரி காலி. அதற்குக் கீழேதான் ‘அன்புள்ள’. நான் முதல் தடவை வழக்கம்போல ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்து விலாசத்தை இரண்டாம் வரியில் எழுதினேன். அது அப்படியே திரும்பி வந்தது.

போர்டில் இருந்த மூத்த ஆசாமிகள் இன்னும் பழைய பாணியில் யூயூநெட்!சக்தி!ஐஐடிஎம்!நண்பன் என்று ஆச்சரியக்குறி போட்டுத்தான் எழுதுவார்கள். யூயூநெட் அமெரிக்காவில் இருந்த கணினி, சக்தி என்பது மும்பையில் என்சிஎஸ்டி என்ற மென்பொருள் ஆய்வு நிறுவனத்தில் இருந்த கணினி. ‘பாரிமுனையில் இறங்கி, பூக்கடை வழியா வந்து, யாரையாவது கேளுங்க’ என்று வழி சொல்வோமே, அதே மாதிரி: எந்தக் கணினி, அதற்கடுத்து எது என்று இடமிருந்து வலமாக. சதவீதக்குறி போட்டு எழுதும் இன்னொரு முறை இருந்தது, அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒரே விலாசத்தில் ஆச்சரியக்குறியும் @ குறியும் கலந்துவிட்டால் எதை முதலில் பிரிப்பது என்று கணினிக்குக் கணினி அபிப்பிராயம் வேறுபடும். அந்த வகைக் கடிதங்களுக்காக நான் காத்திருப்பதே இல்லை.

கம்ப்யூசர்வ் என்ற கட்டணச் சேவையில் இருந்தவர்களுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. அவர்களுடைய எண்ணில் இருக்கும் கமாவைப் புள்ளியாக மாற்றினால் போதும், ஏனென்றால் இன்டர்நெட் கடிதத்தில் கமா என்றால் அடுத்த விலாசம் ஆரம்பிக்கிறது என்று பொருள். அந்த எண்களில் 8, 9 வரவே வராது, எட்டடிமான எண்கள் அவை. யாராவது 8 போட்டு எழுதிக் கொடுத்தால் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

சரி, பதில் எப்படி வரும்? எங்கள் எண்ணையே தலைகீழாக்கி டொமைன் ஆக்கியிருந்தார்கள்: ராமசாமி.கண்ணன்@எஃப்999.என்109.இசட்1.ஃபிடோநெட்.ஆர்க். கதவிலக்கம், தெரு, ஊர், நாடு என்று தபால் உறையில் எழுதும் வரிசை. பெயருக்கு நடுவில் உள்ள புள்ளியைக் கேட்வே இடைவெளியாக மாற்றும். ஐஐடி நண்பன் ஒருமுறை என் கடிதத்துக்குப் பதிலாக அடிக்காமல், புதிதாக ஒன்று எழுதினான். கல்லூரியில் அவன் அறிந்த பெயர் ஆர்.கண்ணன். அதையே போட்டான். கடிதம் கடல் கடந்து, கேட்வே தாண்டி, எங்கள் போர்டு வரை ஒழுங்காக வந்து, ‘ஆர் கண்ணன்’ என்ற இல்லாத ஆளுக்காகப் பதினோரு நாள் காத்துக் கிடந்தது. சிஸ்ஆப் தற்செயலாகப் பார்த்து, ‘ராமசாமி, இது உன் உறவினருக்கா?’ என்று கேட்டார். கடிதத்தை அவர் முழுக்கப் படித்திருந்தார் என்பதும் பேச்சில் தெரிந்தது. போர்டில் நுழைந்ததுமே ‘இங்கே எதுவும் ரகசியமில்லை’ என்று திரையில் எச்சரிக்கை வரும். அதை நான்தான் தினம் பார்த்தும் படித்ததில்லை.

அதற்குப் பிறகு ‘ஆர் கண்ணன்’ என்ற பெயரிலும் எனக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். பயனாளர் பட்டியலில் அப்பாவும் பிள்ளையும் மாதிரி இரண்டு பேர்.

1995இல் காசு கட்டி இன்டர்நெட் கணக்கு வாங்கினேன். எண் இல்லை, கேட்வே இல்லை, ஒரே ஒரு சொல் கேட்டார்கள். ‘கண்ணன்’ என்று அடித்தேன். ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டார்கள். முன்னால் ஓர் ஆர் சேர்த்தேன்.